ஊற்றுப்பேனா உரைக்கும் பாடம்

(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இம்மேடையில் நின்று பேசுவதற்கு நாம் புலவரும் அல்லோம். பட்டம் பெற்றவரும் அல்லோம். இதே சூரியநெல்லி லயத்தில் பிறந்து, பத்தாம் வகுப்புத் தேறியதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தராகக் காலம் தள்ளுகிறவர். இரயிலே இல்லாத ஊரில் பிறந்தவருக்கு இரயில்வேயில் பிழைப்பு! மூணாற்றில் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு இரயிலை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போனபின், இம்மலையில் இரயிலின் கூவல் கேட்டதில்லை அன்றோ!

எழுத்தருக்குத் தெரிந்த பொருள் எழுதுகோல் ஒன்றே. ஆகையால், ‘ஜப்பானியரும் ஊற்றுப்பேனாவும்’ என்பதையே பேச எடுத்துக்கொண்டோம். ஜப்பானுக்கும் சூரியநெல்லிக்கும் என்ன உறவு என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. உறவு உண்டு, ஐயா! சற்றே பொறுத்திருந்து கேளுங்கள்.

பதினாயிரம் ஆண்டுத் தூரிகை

ஊற்றுப்பேனாவின் சூட்சுமம் மிகச் சிறியது. மை வெளியே வரவேண்டுமானால், அதன் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகவேண்டும். காற்று மிகுதியாகப் போனால் மை கொட்டும். போகாவிட்டால் மை வராது. முள்ளின் அடியிலே நாக்குப் போன்றதொரு கட்டை இருக்கிறதே, அதில் கீறிய மெல்லிய வாய்க்கால்கள்தாம் இவ்விரண்டையும் அளந்து விடுகின்றன. நம்பத்தக்க முறையில் இதனைச் செய்து, அமெரிக்காவில் 1884ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் வாட்டர்மன் என்பவர்.

ஜப்பானுக்கு இப்பேனா கப்பலேறி வந்த பொருள். தூரிகையை மையில் தோய்த்துத் தோய்த்து எழுதிப் பழகிய அம்மக்கள், தோய்க்காமலே எழுதும் இக்கருவியைக் கண்டு வியந்து, ‘மன்னென்ஹித்சு’ என்று பெயரிட்டனர். பதினாயிரம் ஆண்டுத் தூரிகை என்பது அதன் பொருள். வேற்று நாட்டுப் பண்டத்தை வாங்கினார்கள். ஆனால், பெயரைத் தம் மொழியிலிருந்தே கொடுத்தார்கள். இதனைச் சிறு செய்தி என்று தள்ளிவிடலாகாது.

தோக்கியோவில் மாருசென் என்றொரு புகழ்பெற்ற புத்தகக் கடை. மேல்நாட்டுப் பேனாக்களை வரவழைத்து விற்றதும் அக்கடையே. 1912ஆம் ஆண்டில் அவர்கள் பேனாக்களுக்கென ஒரு விலைப்பட்டியல் நூல் வெளியிட்டபோது, நத்சுமே சோசெகி என்னும் பெரும் நாவலாசிரியரிடம் கட்டுரை ஒன்று கேட்டு வாங்கி அதில் சேர்த்தனர். அவர் என்ன எழுதினார் தெரியுமா? தாம் முன்னர் வாங்கிய பேனா தமக்குத் தொல்லையே தந்தது என்பதையும், அதனை ஒதுக்கிவிட்டுத் தொட்டெழுதும் பேனாவுக்கே திரும்பியதையும் ஒளிக்காமல் எழுதினார். பின்னர்க் கைக்கு வந்த ஓனோட்டோ என்னும் ஆங்கிலப் பேனா இதமாக எழுதுகிறது என்றும் எழுதினார். பேனா விற்கும் கடையின் பட்டியலிலேயே பேனாவைப் பற்றிய குறையும் அச்சேறியது! குறையை மறைக்காதவர் கூறும் நிறையை எவரும் நம்புவர். விளம்பரத்தின் முதற்பாடம் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

மூன்று பட்டறைகள்

வாங்குவதோடு ஜப்பானியர் நின்றுவிடவில்லை. ஹிரோஷிமாவுக்கு அருகில் குரே என்றொரு கடற்படைத் துறைமுகம். அங்கே 1911ஆம் ஆண்டில் கியூகொரோ சகாதா என்பவர் பேனாத் தொழிலைத் தொடங்கினார். கடலோடி நண்பர் ஒருவர் இங்கிலாந்துப் பேனாவைக் காட்டியதே அவருக்கு ஊக்கம் ஊட்டிற்று என்பர். அவர் நிறுவிய தொழில் ‘செய்லர்’, அதாவது மாலுமி, என்னும் பெயரால் விளங்குகிறது. 1919ஆம் ஆண்டில் ஷுனிச்சி நகாதா என்பவர் தொடங்கிய தொழிலே பிற்காலத்தில் ‘பிளாட்டினம்’ என்று பெயர் பெற்றது.

மூன்றாமவர் ரியோசுகே நமிகி. வணிகக் கப்பல் மாலுமிகளைப் பயிற்றும் கல்லூரியில் ஆசிரியராக இருந்த பொறியாளர். வரைபடம் வரையும்போது மைக்கோல் சரியாக மை விடாமல் தொல்லைப்படுத்தியது. அதனைச் செம்மைப்படுத்தப் புகுந்தவர் பேனாவுக்குள்ளேயே இறங்கிவிட்டார். பேனாவில் அரிய உறுப்பு முள். மையிலுள்ள புளிப்பு மற்ற உலோகங்களை அரித்துவிடும், தங்கத்தை அரிக்காது. ஆனால், தங்கம் மென்மையானது, காகிதத்தில் தேய்ந்துவிடும். ஆகவே, அதன் நுனியில் கடினமான வேறோர் உலோகத்தைக் கடுகினும் சிறிய மணியாக ஒட்டி, நடுவே மயிரிழை போலப் பிளக்கவேண்டும். இதனைத் தம் நாட்டிலேயே செய்துவிடவேண்டும் என்று நமிகி பாடுபட்டு, 1916ஆம் ஆண்டில் 14 காரட் தங்க முள்ளைச் செய்து முடித்தார். 1918ஆம் ஆண்டில் மசாவோ வாதா என்னும் நண்பருடன் கூடிக் கம்பெனி நிறுவினார். துறைமுகத்துக்குள் கப்பலை வழிகாட்டி அழைத்துச் செல்பவனைக் குறிக்கும் ‘பைலட்’ என்ற சொல்லைத் தம் பேனாவுக்குப் பெயராக்கினார். 1938ஆம் ஆண்டில் கம்பெனியின் பெயரும் அதுவே ஆயிற்று.

அன்பர்களே! முதலில் முள். அதன் பிறகே பெயர். அதற்கும் பிறகே அழகு. இவ்வரிசையை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னால் நமக்குப் பயன்படும்.

அழகு வந்த வகையைக் கேளுங்கள். அந்நாளில் பேனாவின் உடலை எபோனைட்டு என்னும் கெட்டி இரப்பரால் கடைந்தார்கள். வெயிலும் வியர்வையும் பட்டால் அதன் கருமை பழுப்பேறி மங்கிவிடும். இதற்கு மருந்து தேடியபோது, நமிகியின் கம்பெனியார் வெளிநாட்டை நோக்கி ஓடவில்லை. தம் நாட்டில் மரத்திலிருந்து வடித்தெடுக்கும் ‘உருஷி’ என்னும் மெருகுப்பாலைப் பேனாவின்மேல் பூசும் முறையை 1925ஆம் ஆண்டில் கண்டனர். மெருகு நின்றது, கருமை காத்தது. மெருகு இருக்குமிடத்தில் ஓவியம் வாராதிருக்குமா? ஈர மெருகின்மேல் பொன்துகளைத் தூவிச் சித்திரம் தீட்டும் ‘மாக்கி‑எ’ என்னும் கலை அங்கே பல நூற்றாண்டுகளாக உண்டு. கோன்ரோகு மட்சுதா போன்ற கைதேர்ந்த கலைஞர்கள் பேனாவின்மேல் அக்கலையை ஏற்றினார்கள். அம்மட்சுதாவை 1955ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு நாட்டின் வாழும் கருவூலங்களுள் ஒருவராகப் போற்றியது. 1930ஆம் ஆண்டில் இலண்டன் டன்ஹில் கம்பெனியார் இப்பேனாக்களைத் தங்கள் பெயரும் சேர்த்து மேல்நாட்டில் விற்க உடன்படிக்கை செய்துகொண்டனர். மேல்நாட்டார் கண்டுபிடித்த பொருளை, மேல்நாட்டார்க்கே கீழ்நாட்டார் விற்றனர்!

முத்திரையும் விளம்பரமும்

பின்னர்ப் போர் வந்தது. தங்கம் போருக்கென ஒதுக்கப்பட்டமையால் பேனாக்காரர்கள் எஃகு முள்ளால் காலங்கடத்தினர். போரில் தோற்று நாடு அந்நியர் ஆட்சியில் இருந்தபோது, ஏற்றுமதிப் பொருள்களில் ‘கைப்பற்றப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்று பொருள்படும் ஆங்கில முத்திரையைப் பொறிக்கவேண்டிய நிலை 1947ஆம் ஆண்டு வந்தது. தன் உழைப்பின்மேல் தன் இழிவையே எழுதி விற்பது எத்துணைக் கொடுமை! எனினும், அவர்கள் சோரவில்லை. 1957ஆம் ஆண்டில் பிளாட்டினம் கம்பெனியார் மைக்குப்பியின் துணை வேண்டாத, மாற்றிப் பொருத்தும் மைக்குழலை ஜப்பானில் கொணர்ந்தனர். 1963ஆம் ஆண்டில் பைலட் கம்பெனியார் மூடியே இல்லாமல், பொத்தானை அழுத்தினால் முள் வெளிவரும் பேனாவைச் செய்தனர்.

விளம்பரத்திலும் புதுமை செய்தனர். 1969ஆம் ஆண்டில் பைலட்டின் ‘எலைட் எஸ்’ என்னும் பேனாவுக்குத் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்று வந்தது. மூடினால் குட்டை, மூடியைப் பின்னே செருகினால் நெட்டை. சட்டைப் பைக்கு அடக்கமான பேனா அது. கியோசென் ஓஹாஷி என்னும் நிகழ்ச்சியாளர் அதனைக் கையில் ஏந்தி, முப்பத்தோரசைப் பழங்கவிதையின் ஓசையில், பொருளே இல்லாத சொற்களை அடுக்கிக் கூறினார். நாடு முழுவதும் சிறுவர் சிறுமியர் அதையே பாடித் திரிந்தனர். தளர்ந்திருந்த கம்பெனியின் விற்பனை அதனால் நிமிர்ந்தது என்பர். பொருளற்ற சொல்லும் பொருளை விற்கும் என்று இதனால் முடிவு கட்டிவிடாதீர்கள். பாட்டைக் கேட்டு வாங்கினவர், எழுதிப் பார்த்தபோது முள் ஒழுகியிருந்தால், மறுமுறை அக்கடைப் பக்கம் திரும்பியிருப்பாரா?

பிளாட்டினம் கம்பெனியார் 1978ஆம் ஆண்டில் ஒரு பேனாவுக்கு ‘3776’ என்றே பெயரிட்டார்கள். அவர்தம் பூஜி மலையின் உயரம் 3776 மீட்டர். நம் ஆனைமுடியின் உயரம் 2695 மீட்டர். நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளும் இம்மலைகளின் எண்ணைப் பெருமையோடு பொறிக்க, நம் கையால் செய்த பொருள் ஏதேனும் உண்டா என்று இளைஞர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

நம் நாட்டில்

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. காந்தியடிகளின் சுதேசி அழைப்பைச் செவிமடுத்து, இராஜமகேந்திரபுரத்தில் கே. வி. இரத்தினம் என்னும் தெலுங்கு அன்பர் உள்நாட்டுப் பேனா செய்தார். 1935ஆம் ஆண்டில் அடிகள் அதனைப் பயன்படுத்திப் பார்த்துப் பாராட்டுக் கடிதம் எழுதினார். நம் சென்னையிலோ, ஜெம் கம்பெனியாரின் ‘காமா’ பேனா நெடுங்காலமாகப் புகழ் பெற்றது. திருவள்ளூரில் ‘ரங்கா’ பேனாவை இன்றும் எபோனைட்டில் கையால் கடைந்து, கடல் கடந்த நாடுகளுக்கும் அனுப்புகிறார்கள். ஜப்பானியரின் பைலட்டும் சென்னையிலேயே கம்பெனி அமைத்து, நம்மவர் கையாலேயே பேனா செய்து விற்றது. சென்ற தலைமுறையில் ஆசிரியர், கணக்கப்பிள்ளை, தபால்காரர் ஆகியோர் சட்டைப் பையில் பளபளத்த பைலட் பேனாவை இங்குள்ள முதியோர் மறந்திருக்கமாட்டார்கள்.

பின்னர்ப் பந்துமுனைப் பேனா வந்து எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிற்று. அதன் காரணம் எமக்கு அலுவலகத்திலேயே விளங்கிற்று. பார்சல் சீட்டை இடையிடையே கார்பன் தாள் வைத்து மூன்று படிகள் எழுதவேண்டும். ஊன்றி எழுதினால்தான் மூன்றாம் படியில் எழுத்து விழும். ஊற்றுப்பேனாவை அப்படி ஊன்றினால் முள் விரிந்துவிடும். பந்துமுனையோ எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், விலையும் சொற்பம். மை தீர்ந்தால் தூக்கி எறி என்ற பழக்கமும் கூடவே வந்தது. அப்படி எறிந்தவை மலைபோல் குவிந்தமையால்தான், 2018ஆம் ஆண்டில் இக்கேரளத்தில் ஹரித கேரளம் இயக்கத்தார் எழுதித் தீர்ந்த பிளாஸ்டிக் பேனாக்களைப் பள்ளிகளில் பெட்டி வைத்துத் திரட்டலாயினர். இன்று எம் அலுவலகத்தில் பந்துமுனையும் ஓய்ந்தது. கணிப்பொறியே சீட்டு அடிக்கிறது.

எம் தந்தையாரின் பேனா

இனி, உறவு எங்கே என்று கேட்ட பெரியவருக்கு விடை சொல்லுவோம்.

எம் தந்தையாரிடம் ஒரு பைலட் பேனா இருந்தது. போடிநாயக்கனூர்க் கடைத்தெருவில், திருமணத்துக்கு முன்பு வாங்கியதாம். திருவிழா, திருமணம், சம்பள நாள் என்றால் வெள்ளைச் சட்டையின் பையில் அது குத்தியிருக்கும். மூடியின் கிளிப்பைத் துணியால் துடைத்துத் துடைத்து வைப்பார். ஆனால், அதனைக் கொண்டு அவர் எழுதியது ஒன்றே ஒன்று, தம் பெயர். தேயிலைத் தோட்டத்துச் செக்ரோலில் பக்கத்தவரெல்லாம் கைநாட்டு வைக்கையில், தாம் மட்டும் பேனாவைத் திறந்து கையொப்பம் இடுவார். அதற்குமேல் எழுத அவருக்குப் பழக்கமில்லை. படிப்பித்தவர் யார்? பத்து வயதில் மலையேறி வந்தவர் அவர்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, ஒரு தாளை நீட்டினார்கள். அவர் அறியாத மொழியில் இருந்தது. வழக்கம்போல் பேனாவைத் திறந்து அழகாகக் கையொப்பம் இட்டுக் கொடுத்தார். சில திங்கள் கழித்து நாம் விடுமுறையில் வந்து அத்தாளின் படியைப் பார்த்தபோதுதான், அவர் உழைத்த ஆண்டுகளில் நான்கு குறைத்து எழுதப்பட்டிருந்தமை தெரிந்தது. பணிக்கொடை ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம். நான்கு ஆண்டுக்கு அறுபது நாள் ஊதியம் போயிற்று. வஞ்சகம் என்று நாம் சொல்லமாட்டோம்; பழைய ஏட்டிலிருந்து புதிய ஏட்டுக்கு மாற்றும்போது நேர்ந்த பிழையாகவே இருக்கலாம். ஆனால், பிழை என்று காட்ட எம் தந்தையாரிடம் என்ன இருந்தது? நினைவு ஒன்றே இருந்தது. “அந்த வருசம் பெருமழை பெய்ததே, அப்பவே நான் மலையில் இருந்தேனே!” என்று சொன்னார். மழை வந்து சாட்சி சொல்லுமா?

அடுத்த லயத்தில் ஓர் அம்மையார். அவர்க்கும் இதே பிழை நேர்ந்திருந்தது. அவரோ மளிகைக் கணக்கெழுதும் சிறிய நோட்டு ஒன்றே வைத்திருந்தார். மூன்றாம் வகுப்புத் தமிழ்தான். எந்தத் திங்கள், எந்த மலை, எத்தனை நாள் பேர் விழுந்தது, கங்காணி யார் என்பதெல்லாம் கோணல் எழுத்தில் குறித்திருந்தார். அதனைக் காட்டிக் கேட்டபோது, அலுவலகத்தார் பழைய செக்ரோலைத் தேடி எடுத்து ஒப்பிட்டனர். பிழை திருந்தியது, பணம் வந்தது. அவர் எழுதியது எத்தகைய பேனாவால் என்று விசாரித்தோம். பள்ளிப் பிள்ளை தூக்கி எறிந்த பந்துமுனைப் பேனாவாம்!

அன்றிரவு எம் தந்தையார் தம் பேனாவை நெடுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அதனை எம்மிடம் தந்து, “இனிமேல் இதைப் பையில் குத்தாதே, எழுது” என்றார். அவர் இன்று இல்லை. பேனா எம்மிடம் இருக்கிறது. இவ்வுரையை எழுதியதும் அதனாலேதான்.

அன்பர்களே! ஜப்பானியர் வரிசையை முன்னே சொன்னோம். முதலில் முள், பிறகு பெயர், பிறகு அழகு. எம் தந்தையார் வீட்டில் வரிசை மாறிவிட்டது. பேரும் அழகும் பையில் இருந்தன. முள் மட்டும் வேலை செய்யவில்லை. அது அவர் குற்றமன்று. ஆனால், இனியும் அவ்வாறு நேர்ந்தால் அது நம் குற்றமே ஆகும்.

நம் காலனிப் பிள்ளைகளைப் பாருங்கள். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் நன்றாகவே எழுதுகிறார்கள். அது வேண்டும், இருக்கின்ற நாட்டின் மொழியை அறியாதவர் இன்னொரு தாளிலும் கண்ணை மூடிக் கையொப்பமிடுவர். ஆனால், வீட்டில் வாய்நிறையத் தமிழ் பேசும் பிள்ளை, தேனியிலுள்ள பாட்டிக்கு நாலு வரி தமிழில் எழுது என்றால் விழிக்கிறது. தொலைபேசியில் பேசினால் ஆயிற்றே என்கிறது. பேசிய சொல் காற்றோடு போகும். எழுதிய சொல்லே ஏட்டில் நிற்கும். தமக்கென ஓர் எழுதுகோலைச் செய்துகொள்ளும்போது, தம் எழுத்தின் நெருக்கமான கோடுகளுக்கு ஏற்ப முள்ளின் நுனியையே மெலிதாக்கிக்கொண்டனர் ஜப்பானியர். கருவிக்காக எழுத்தை விட்டுக்கொடுக்கவில்லை. எழுத்துக்காகக் கருவியைத் திருத்தினர். நாமோ கருவி மாறியதும் எழுத்தையே கைநழுவ விடலாமா?

ஆகவே, சங்கத்தின்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று: ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், இம்மன்றத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் பயிற்றவேண்டும். விடுமுறை நாளில் வந்து கரும்பலகை முன் நிற்க நாம் அணியமாயிருக்கிறோம். மற்றொன்று: வீட்டுக்கு ஒரு நோட்டு. வேலைக்குச் சேர்ந்த நாள், பேர் விழுந்த நாட்கள், வாங்கிய சம்பளம், பிடித்தம், கொடுத்த கடன் ஆகியவற்றை அவ்வப்போது அதில் எழுதவேண்டும். பெற்றோர்க்கு எழுதத் தெரியாவிட்டால் பிள்ளை எழுதட்டும். அதுவே பிள்ளைக்குத் தமிழ்ப்பாடமாகவும் ஆகும். குடும்பத்துக்குக் காப்பாகவும் ஆகும். பேனா எதுவாயினும் ஆகுக. ஐந்து ரூபாய்ப் பேனாவும் எழுதும்.

முதல் நோட்டை நாமே வாங்கி வந்திருக்கிறோம். அதனைச் செயலாளர் அவர்களிடம் ஒப்படைக்கிறோம். அதன் முதற்பக்கத்தில், நம் லயங்களில் ஒவ்வொரு குடும்பமும் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் இம்மலையேறி வந்தது என்பதை, நினைவுள்ள முதியோர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். முதற்பெயராக எம் தந்தையார் பெயரையும், அவர் வேலைக்குச் சேர்ந்த சரியான ஆண்டையும் அவருடைய பேனாவாலேயே எழுதியிருக்கிறோம்.